ரெண்டு ரூபா போட்ட தயாரிப்பாளர்கள்

1976-ல வந்த இந்திப் படம் ஒண்ணு. பேரு 'மந்தன்'. கடைதல்னு அர்த்தம். மத்து போட்டுத் தயிர் கடையறோமே, அதேதான். படம் ஆரம்பிக்கறப்போ திரையில ஒரு எழுத்து வரும்: குஜராத்தின் அஞ்சு லட்சம் விவசாயிகள் வழங்கும் படம் இதுன்னு. ஒரு முதலாளி பேரு வர வேண்டிய இடத்துல அந்த எழுத்து. ஆளுக்கு ரெண்டு ரூபா. மொத்தம் பத்து லட்சம். அதுல எடுத்த படம்.

சினிமா பத்தி நான் எழுதறது அபூர்வம். மழை, மஞ்சள் விலை, மாட்டுக்கு வந்த மடிநோய்னுதான் இங்க பொழப்பு ஓடுது. ஆனா இது அந்தப் பொழப்பைப் பத்தின படம். எங்க கட்டுத்தரையில ரெண்டு சிந்து மாடு, ஒரு எருமை நிக்குது. விடியக்காலையில கறந்து, ஆறு மணிக்குள்ள போசியைத் தூக்கிட்டு சொசைட்டிக்குப் போயிடணும். வெள்ளாமை கைவிட்ட வருசத்துலகூட மளிகைக்கடை பாக்கி ஏறாம இருந்துச்சுன்னா அது இந்தப் பால் காசாலதான். நகரத்துல இருக்கற உங்களுக்குப் பால்ங்கறது பாக்கெட்டுல ஆரம்பிக்குது. அந்தப் பாக்கெட்டுக்கு முன்னாடி என்னென்ன நடக்குதுங்கறதை இந்த அளவுக்கு ஒழுங்காச் சொன்ன சினிமா எனக்குத் தெரிஞ்சு வேற இல்லைங்க.

படத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு முப்பது வருசம் பின்னாடி போகணும்.

குஜராத்துல கேடா ஜில்லா. எருமைக்குப் பேர் போன பகுதி. 1945-ல பம்பாய் அரசாங்கம் நகரத்துக்குப் பால் கொண்டுவர ஒரு திட்டம் போட்டுது. கேடா பாலை வாங்கி ரயிலேத்தி அனுப்பற வேலை போல்சன்ங்கற தனியார் கம்பெனி கைக்குப் போச்சு. அந்தக் காலத்துல வெண்ணெய்னா போல்சன், அவ்வளவு பெரிய பேரு. கம்பெனிக்கு லாபம், ஊருக்குள்ள வாங்கிக் குடுக்கற தரகருக்குக் கமிஷன், கறந்தவனுக்கு மட்டும் அவங்க சொன்னதுதான் விலை.

இங்க பாலைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். மஞ்சளுக்கு விலை இல்லைன்னா மூட்டை கட்டி அடுத்த வருசம் வரைக்கும் வச்சுப் பாக்கலாம். நெல்லை குதிர்ல கொட்டி வைக்கலாம். தேங்காய்கூட ஒரு மாசம் தாங்கும். பால் மத்தியானத்துக்குள்ள திரிஞ்சு போயிடும். இது வாங்கறவனுக்கும் தெரியும். அதனால பால் பேரத்துல கறக்கறவன் கை எப்பவும் கீழதான். கேடாக்காரங்களுக்கும் அதேதான் நடந்துச்சு.

அவங்க சர்தார் படேல்கிட்ட போய் நின்னாங்க. உங்க பாலை நீங்களே சங்கம் வச்சு வித்துக்கங்க, ஒத்துக்கலைன்னா பால் ஊத்தறதை நிறுத்துங்கன்னு அவரு சொல்லி, மொரார்ஜி தேசாயை அனுப்பி வச்சாரு. 1946 ஜனவரி 4-ந் தேதி சமர்காங்கற கிராமத்துல கூட்டம் கூடி முடிவு பண்ணுனாங்க. பதினஞ்சு நாள் பம்பாய்க்கு கேடாவுல இருந்து பால் போகல.

பதினஞ்சு நாள்னு எழுதறது சுலபம். மாடு வச்சிருக்கறவங்களுக்குத்தான் அதோட கனம் தெரியும். ஆலையில ஸ்டிரைக் பண்ணுனா மெஷினை நிறுத்திட்டு வெளிய வந்துடலாம். எருமை ஸ்டிரைக் பண்ணாது. ரெண்டு நேரமும் கறந்தே ஆகணும், விட்டா மடி கட்டிக்கும். தீவனம் போட்டே ஆகணும். செலவு நிக்காது, வரவு மட்டும் நின்னுடும். அப்படிப் பதினஞ்சு நாள் தாங்கியிருக்காங்க. கடைசியில அரசாங்கம் இறங்கி வந்துச்சு. 1946 டிசம்பர் 14-ந் தேதி சங்கம் பதிவாச்சு, திரிபுவன்தாஸ் படேல் தலைவர். 1948 ஜூன் மாசம் வேலை ஆரம்பிக்கறப்போ ரெண்டே ரெண்டு கிராமம், ஒரு நாளைக்கு 247 லிட்டர். அதுதான் பின்னாடி அமுல்.

அடுத்த வருசம், 1949 மே மாசம், ஆனந்துல இருந்த அரசாங்கப் பால் கூடத்துக்கு வேண்டாவெறுப்பா ஒரு இஞ்சினியர் வந்து சேர்ந்தாரு. வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டுல பிறந்தவரு, ஆனா படிச்சதெல்லாம் நம்ம சென்னையில. லயோலா காலேஜ்ல பி.எஸ்சி., அப்புறம் கிண்டி இஞ்சினியரிங் காலேஜ். அரசாங்க உதவித்தொகையில அமெரிக்கா போயிருந்தாரு. அந்த பாண்டுக்காக ஆனந்துக்கு அனுப்பிட்டாங்க. கல்யாணம் ஆகாதவரு, கிறிஸ்தவர், கறி சாப்பிடறவரு. ஊருக்குள்ள ஒருத்தரும் வீடு குடுக்கல. ஒரு கார் ஷெட்டுலதான் குடியிருந்தாருன்னு அவரே தன் வாழ்க்கைக் கதையில எழுதியிருக்காரு. பாண்டு முடிஞ்சு மூட்டையைக் கட்டுனவரைத் திரிபுவன்தாஸ் போகாம நிறுத்திட்டாரு. 2012-ல சாகற வரைக்கும் ஆனந்துதான் ஊரு.

எருமைப் பாலைப் பவுடர் ஆக்க முடியாதுன்னு வெள்ளைக்கார நிபுணர்கள் அடிச்சுச் சொல்லிட்டு இருந்தாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சது பசுப் பால். கொழுப்பு கம்மி. எருமைப் பால்ல கொழுப்பு ஆறு, ஏழு சதவீதம் போகும். எருமை குளிர்காலத்துல நிறையக் கறக்கும், கோடையில சுருக்கிடும். குளிர்காலத்துல மிஞ்சற பாலைப் பவுடர் பண்ணி வைக்க வழியில்லைன்னா, மிஞ்சறப்போ வாங்கமாட்டேன்னு சொல்ற சங்கமாத்தான் இருக்க முடியும். அப்படிப்பட்ட சங்கத்தை எவன் நம்புவான்? குரியனோட கூட்டாளி தலயா அதைப் பண்ணிக் காட்டுனாரு. 1955 அக்டோபர் 31-ந் தேதி நேரு வந்து பவுடர் ஆலையைத் திறந்து வச்சாரு. எங்க வீட்டு எருமையைப் பாத்து 'இதை இன்னும் வச்சிருக்கீங்களா'ன்னு கேக்கற வெளியூர் விருந்தாளிகளுக்கு நான் சொல்ற கதை இது.

இனி படத்துக்கு வரலாம்.

ஷியாம் பெனகல் சிக்கந்தராபாத் பக்கத்துல பிறந்து வளர்ந்தவரு. பம்பாயில விளம்பரப் படங்கள் எடுத்துட்டு இருந்தவரு. 1974-ல 'அங்குர்', 1975-ல 'நிஷாந்த்' எடுத்தாரு. ரெண்டுமே கிராமத்துல நிலம் வச்சிருக்கறவன் பண்ற அக்கிரமத்தைப் பேசுன படங்கள். இதுக்கு நடுவுல குரியனுக்காக, நாடு முழுக்க ஆனந்து மாதிரி சங்கம் கொண்டுபோற வெண்மைப் புரட்சித் திட்டத்தைப் பத்தி டாகுமெண்டரியும் எடுத்துக் குடுத்துட்டு இருந்தாரு. எடுக்க எடுக்க அவருக்கு ஒரு உறுத்தல். டாகுமெண்டரியைப் பாக்கறது யாரு? ஏற்கெனவே அந்த வேலையில இருக்கறவங்க. வெளிய இருக்கறவங்க பாக்கணும்னா கதையா எடுக்கணும். குரியன்கிட்ட சொன்னாரு. காசு?

அங்கதான் அந்த ரெண்டு ரூபா யோசனை வந்துச்சு. குஜராத் கூட்டுறவுப் பால் விற்பனை இணையம் 1973-ல ஆரம்பிச்சது. அதுல அப்போ அஞ்சு லட்சம் உறுப்பினர்கள். பெனகல் பின்னாடி பல பேட்டியில சொன்ன கணக்கு இது: ஒருநாள் காலைப் பாலுக்கு எட்டு ரூபா வாங்கற இடத்துல ஆறு ரூபா வாங்கிக்கங்க, மீதி ரெண்டு ரூபாயில நீங்க ஒரு சினிமாவுக்குத் தயாரிப்பாளர் ஆயிடலாம். ஒரே ஒரு காலை. பத்து லட்சம் வந்துடுச்சு.

'ஆளுக்கு ரெண்டு ரூபா குடுத்தாங்க'ன்னு கேக்கறப்போ, வேட்டி மடியில இருந்து எடுத்து உண்டியல்ல போட்ட மாதிரி ஒரு படம் மனசுல வரும். அப்படி இல்லை. பால் காசுல பிடிச்சது. சொசைட்டியில பிடித்தம்னா என்னன்னு எனக்குத் தெரியும். பட்டுவாடா அன்னைக்குத் தீவனத்துக்கு இவ்வளவு, கடனுக்கு இவ்வளவுன்னு கழிச்சுட்டு மிச்சத்தைக் கையில குடுப்பாங்க. அதுல சினிமாவுக்கு ரெண்டு ரூபான்னு எங்க சொசைட்டியில பிடிச்சா அன்னைக்குச் சண்டைதான். கேடாவுல சண்டை வரலைன்னா அதுக்குக் காரணம் சினிமா ஆசை இல்லைங்க. முப்பது வருசமா அந்தச் சங்கம் தினமும் ரெண்டு நேரம் பாலை அளந்து, கொழுப்பைப் பாத்து, காசை ஒழுங்கா எண்ணிக் குடுத்திருக்கு. அந்த நம்பிக்கைதான் அந்த ரெண்டு ரூபா. (மக்கள்கிட்ட காசு திரட்டி எடுத்த படம்னா சினிமா ஆர்வலர்கள் ஜான் ஆபிரகாமோட 'அம்ம அறியான்' பத்திப் பேசுவாங்க. நம்ம ஊருக்கு 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்துக் குடுத்த அதே ஜான்தான். அது 1986. மந்தன் அதுக்குப் பத்து வருசம் முந்தினது.)

கதையைக் குரியனும் பெனகலும் சேர்ந்து யோசிச்சாங்க. திரைக்கதை மராத்தி நாடக ஆசிரியர் விஜய் தெண்டுல்கர். வசனம் கைஃபி ஆஸ்மி. கேமரா கோவிந்த் நிஹலானி. படம் பிடிச்சது ஆனந்துல இல்லை, ராஜ்கோட் பக்கத்துல சங்கன்வாங்கற கிராமத்துல. என்ன காரணமோ, எனக்குத் தோணறது இதுதான்: முப்பது வருசம் பால் காசு பாத்த கேடாவுல, சங்கம் வர்றதுக்கு முந்தின வறுமையைக் காட்டற ஊரு கிடைச்சிருக்காது.

நடிகர்களைச் சொல்லியே ஆகணும். கால்நடை டாக்டர் ராவ் வேஷத்துல கிரீஷ் கர்னாட். பால் கம்பெனி முதலாளி மிஸ்ராவா அம்ரீஷ் புரி. கத்தமாட்டாரு, முறைக்கமாட்டாரு, பவ்யமாப் பேசுவாரு. ஊர்த் தலைவரா குல்பூஷன் கர்பந்தா. பிந்துங்கற பெண்ணா ஸ்மிதா பாட்டீல், அப்போ அவருக்கு இருபது, இருபத்தொண்ணு வயசு இருக்கும். தலித் குடியிருப்பு இளைஞன் போலாவா நசீருதீன் ஷா. படப்பிடிப்பு நடந்த நாள்ல குடிசையில தங்கி, எருமை கறக்கப் பழகி, சாணி தட்டப் பழகி, வாளியைத் தூக்கிட்டுப் போய் யூனிட்டுக்கே பால் ஊத்துனதா அவரு சொல்லியிருக்காரு. பாத்தா தெரியும். பாலோட நடக்கறவன் நடை வேற. தோள் ஒரு பக்கம் இறங்கி, கை ஆடாம, கால் மட்டும் வேகமாப் போகும். சிந்துனா காசு.

கதை இதுதான். ராவ் ஒரு கிராமத்துக்குப் பால் சங்கம் அமைக்க வர்றாரு. வந்ததும் அவரு செய்யற முதல் வேலை பிரசங்கம் இல்லை, பாலோட கொழுப்பைச் சோதிக்கறது. இந்த இடத்துல நான் நிமிந்து உக்காந்துட்டேன். ஏன்னா பால் வியாபாரத்தோட சூட்சுமமே அங்கதான் இருக்கு. பாலைப் பாத்தா, ருசிச்சா, கொழுப்பு எவ்வளவுன்னு சொல்ல முடியாது. வாங்கறவன் 'உன் பால் தண்ணிப் பால்'னு சொன்னா மறுத்துப் பேசக் கையில ஒண்ணும் இல்லை. எங்க ஊர்ல ரொம்ப வருசம் கெர்பர் முறைதான் இருந்துச்சு. கண்ணாடிக் குழாய்ல 10 மில்லி சல்ஃபூரிக் ஆசிட், மேல 10.75 மில்லி பால், ஒரு மில்லி அமைல் ஆல்கஹால். மூடி, மெஷின்ல வச்சுச் சுத்துனா கொழுப்பு தனியா மேல வந்து நிக்கும், கோட்டை எண்ணிப் பாத்துக்கலாம். இப்போ பெட்டி மாதிரி ஒரு மெஷின் வந்துடுச்சு. ஃபேட்டும் எஸ்.என்.எஃப்பும் நம்பரா காட்டுது, சீட்டு வருது. அந்தச் சீட்டு சின்னக் காகிதம்தான். ஆனா அது வர்றதுக்கு முன்னாடி எங்க அம்மா பால் ஊத்துன தனியார் ஆள், தினம் மூக்கைச் சுளிச்சுட்டே அரை லிட்டரைக் கழிப்பாரு. எதுக்குன்னு கேட்டா, 'வேணும்னா ஊத்துங்க'ம்பாரு.

ராவ் செய்யறது அதைத்தான். கண்ணாடிக் குழாயை வெளிச்சத்துல தூக்கிப் பிடிக்கறாரு. இதுவரைக்கும் மிஸ்ரா வாய் சொன்னதை இனி குழாய் சொல்லும். சினிமாவுல நம்ம ஊரு நாயகர்கள் சாட்டை எடுத்துட்டு வந்து நியாயம் கேப்பாங்க. 'மாட்டுக்கார வேலன்' பாத்து விசிலடிச்ச கூட்டம்தான் நாங்களும். மந்தன்ல டாக்டர் எடுத்துட்டு வர்றது ஒரு கண்ணாடிக் குழாய்.

இதுவரைக்கும் சங்கத்தோட பிரச்சாரப் படம்னு சொல்லலாம். இதுக்கு மேலதான் விஷயம்.

கேடா வரலாற்றுல முன்னாடி நின்னவங்க பெரும்பாலும் பாட்டிதார்கள். நிலம் வச்சிருந்தவங்க. அவங்க தியாகத்தை நான் குறைச்சுச் சொல்லல. ஆனா அமுல் தன் கதையைத் தானே படமா எடுத்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க. சர்தார் படேல், சமர்கா கூட்டம், பதினஞ்சு நாள் போராட்டம், நேரு ஆலையைத் திறக்கறது, சுபம். காசு குடுத்தது சங்கம்தானே, அப்படி எடுக்கறதுக்கு எல்லா உரிமையும் இருந்துச்சு. அப்படி எடுக்கல. கதையைத் தன் காலத்துக்குக் கொண்டுவந்து, ஊரோட ஓரத்துல, நிலம் இல்லாத, ஒத்தை எருமை மட்டும் வச்சிருக்கற தலித் குடியிருப்புல கொண்டுபோய் நிறுத்துனாங்க.

சங்கத்துல ஒரே வரிசையில எல்லாச் சாதியும் நின்னு பால் ஊத்தறாங்கன்னு குரியன் பெருமையாச் சொல்லுவாரு. அது நிஜம். எங்க ஊர்லயும் நான் பாத்திருக்கேன். டீக்கடையில ரெண்டு கிளாஸ் இருந்த காலத்துலயும் சொசைட்டியில வரிசை ஒண்ணுதான், முதல்ல வந்தவன் முதல்ல. எல்லார் பாலும் ஒரே கேன்ல விழுந்துச்சு. அந்தக் கேன்ல இருந்துதான் பாக்கெட்டு. இதைப் பத்திப் பெரியவங்க யாரும் பேசுனதே இல்லை. பேசுனா யோசிக்க வேண்டி வந்துடும்.

படம் இந்தப் பெருமைகிட்ட வந்து ஒரு கேள்வி கேக்குது. வரிசை சரி, நாற்காலி? சங்கம் அமையுது, தலைவருக்குத் தேர்தல் வருது. ஊர்த் தலைவர் தனக்குத்தான் அந்த இடம்னு இருக்காரு. தலித் குடியிருப்பு ஆளுங்க தங்கள்ல ஒருத்தரை நிறுத்தி ஜெயிக்க வைக்கறாங்க. பால் ஊத்தறவனுக்கெல்லாம் ஒரு ஓட்டு, நூறு எருமைக்காரனுக்கும் ஒண்ணு, ஒத்தை எருமைக்காரனுக்கும் ஒண்ணு. கூட்டுறவுச் சட்டத்துல இருக்கறதுதான். ஆனா சட்டத்துல இருக்கறது நிஜமா நடந்துட்டா என்ன ஆகும்? அதுவரைக்கும் மிஸ்ராவுக்கு எதிரா இருந்த ஊர்த் தலைவர், தோத்த அடுத்த நாளே மிஸ்ரா பக்கம் சாயறாரு. குடிசைகள் எரியுது.

இந்தப் படம் வந்தப்போ நாட்டுல நெருக்கடிநிலை. தேர்தல்ங்கற வார்த்தையே மேல சும்மா கிடந்த நேரம். அப்போ ஒரு மாட்டுக் கொட்டகைத் தேர்தலை இவ்வளவு சீரியஸா எடுத்துக்கிட்டாங்க.

எங்க சுத்துவட்டாரத்துல இருக்கற சொசைட்டிகளைப் பத்திச் சொல்லணும்னா, வரிசை இன்னைக்கும் ஒண்ணுதான். ஆனா நாற்காலியில யாரு உக்காந்தாங்கன்னு சுவத்துல எழுதியிருக்கற பழைய தலைவர்கள் பட்டியலைப் பாத்தா, பேருக்குப் பின்னாடி இருக்கற ஒட்டு பெரும்பாலும் ஒண்ணாவே இருக்கும். ஐம்பது வருசம் ஆச்சு படம் வந்து.

குடிசை எரிஞ்சதுக்கு அப்புறம் மிஸ்ரா என்ன பண்றாருன்னு கவனிங்க. அடியாள் அனுப்பல. காசு எடுத்துட்டு வர்றாரு. கஷ்டத்துல கைகுடுக்கற நல்லவரா வர்றாரு. இதை எழுதுனவருக்குக் கிராமம் தெரியும். தனியார் வியாபாரியோட பலம் அவரு குடுக்கற விலையில இல்லை, முன்பணத்துல இருக்கு. கல்யாணமா, ஆஸ்பத்திரியா, புதுமாடு பிடிக்கணுமா, ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினாலும் எடுத்து நீட்டுவாரு. சொசைட்டி அந்த நேரத்துல பூட்டியிருக்கும். கடன் வேணும்னா மனு, கையெழுத்து, கூட்டம், தீர்மானம். அப்போ வாங்குன முன்பணத்துக்கு அப்புறம் வருசக்கணக்கா அவருக்கே பால் ஊத்துவோம், அவரு சொல்ற விலையில. பல நல்ல சங்கங்கள் படுத்ததுக்குக் காரணம் ஊழல் மட்டும் இல்லைங்க, ராத்திரி பத்து மணிக்குத் திறக்க ஒரு கதவு இல்லாததும்தான்.

பிந்துகிட்ட இருந்து ஒரு காகிதத்துல கைநாட்டு வாங்கிடறாங்க. அதுல ராவ் மேல பாலியல் புகார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணோட விரல்ரேகையை வச்சே அவ மதிப்பு வச்சிருந்த ஒரே ஆளைத் துரத்தற ஏற்பாடு. ஸ்மிதா பாட்டீல் இந்த இடத்துல அழுது புரளமாட்டாரு. அந்த முகத்தை வார்த்தையில எழுத எனக்கு வராது, பாத்துக்கங்க.

ராவ் மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா படம் அவரைத் தெய்வமாக்கல, அதுலதான் இதை எடுத்தவங்க நேர்மை. வந்த வேகத்துல ஊரை மாத்திடணும்னு பாக்கறாரு. கூட வந்த தேஷ்முக், நாம பால் வாங்க வந்தோமா, ஊர் அரசியல் பண்ண வந்தோமாங்கற கட்சி. கூட வந்த இன்னொரு இளைஞன் ஊர்ப் பெண்ணோட பழகி ராவால வெளியேத்தப்படறான். போலாவுக்கு டவுன்காரன்னாலே ஆகாது. அவன் அம்மாவை ஏமாத்திட்டுப் போனவனும் ஒரு டவுன்காரன்தான். கடைசியில ராவுக்கு மாற்றல் வருது. ரயிலேறிப் போயிடறாரு. எங்க ஊருக்கு வந்த நல்ல அதிகாரிங்க எல்லாரும் அப்படித்தான் போனாங்க. விவசாய ஆபீசர், கால்நடை டாக்டர், ஒரு தடவை ஒரு நல்ல பேங்க் மேனேஜர். வந்து, புரிஞ்சுக்கிட்டு, ரெண்டு விஷயம் உருப்படியாப் பண்ண ஆரம்பிக்கறப்போ மாற்றல். படம் அந்த ரயில்ல கூடவே போகாம ஊர்லயே நின்னுடுது.

படம் வெளிவந்தப்போ குஜராத் கிராமங்கள்ல இருந்து லாரி லாரியா ஜனங்க டவுன் தியேட்டருக்கு வந்தாங்களாம், தங்க காசுல எடுத்த படத்தைப் பாக்க. சிறந்த இந்திப் படத்துக்கும் திரைக்கதைக்கும் தேசிய விருது கிடைச்சது. அந்த வருசம் ஆஸ்காருக்கு இந்தியா அனுப்பின படமும் இதுதான். வனராஜ் பாட்டியா இசையில பிரீத்தி சாகர் பாடுன பாட்டுக்கு ஃபிலிம்ஃபேர் விருது. தொண்ணூறுகள்ல தூர்தர்ஷன் பாத்தவங்களுக்கு அந்த மெட்டு நல்லாவே தெரியும், அமுல் விளம்பரத்துல வந்துச்சே, அதேதான்.

எனக்கு விருதைவிடப் பெருசாப் படறது வேற. குரியன் இந்தப் படத்தைச் சின்ன 16 மி.மீ. பிரதிகளாப் போட்டு வேற மாநிலங்களுக்கு அனுப்பினாரு. சங்கம் அமைக்கப் போற குழு பெட்டியில இதையும் கொண்டுபோகும். ஊர் நடுவுல திரை கட்டிப் படத்தைப் போட்டுட்டு, மறுநாள் காலையில மாட்டு டாக்டரும், பால் சோதனை ஆளும், தீவனம் தெரிஞ்சவரும் உக்காந்து பேசுவாங்க. யோசிச்சுப் பாருங்க, சங்கம் ஆரம்பிங்கன்னு சொல்ல வந்தவங்க போட்டுக் காட்டுன படத்துல சங்கம் தோத்துப் போகுது, குடிசை எரியுது, டாக்டர் ஓடிப் போறாரு. எந்தக் கம்பெனி தன் விளம்பரத்துல இதைக் காட்டும்? ஆனா கிராமத்தானுக்கு அதுதான் நம்பற மாதிரி இருந்திருக்கும். இனிக்க இனிக்கப் பேசறவனை நாங்க நம்பறதில்லை.

வெண்மைப் புரட்சியோட முதல் கட்டத்துல பம்பாய், டெல்லி, கல்கத்தாவோட சென்னையும் இருந்துச்சு. 1981-ல தமிழ்நாட்டுலயும் ஆனந்து மாதிரியில மூணு அடுக்கு: ஊர்ல சங்கம், ஜில்லாவுல ஒன்றியம், மேல இணையம். அந்த இணையத்தோட பாலைத்தான் ஆவின்னு நீங்க காலையில வாசல்ல எடுக்கறீங்க.

படத்தோட நெகட்டிவ் காலப்போக்குல பூஞ்சை பிடிச்சுக் கெட்டுப் போச்சு. ஷிவேந்திர சிங் துங்கர்பூரோட ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் அதை எடுத்து மீட்டாங்க. அந்த வேலை நடந்தது சென்னையில, பிரசாத் நிறுவனத்துல, இத்தாலியில இருக்கற போலோக்னா லேப் மேற்பார்வையில. செலவு பண்ணுனது அதே குஜராத் பால் இணையம். 2024 மே மாசம் கான் படவிழாவுல திரையிட்டாங்க. நசீருதீன் ஷா போயிருந்தாரு, ஸ்மிதாவோட மகன் போயிருந்தாரு, குரியன் மகளும் போயிருந்தாங்க. ஸ்மிதா 1986-லயே போயிட்டாரு, முப்பத்தொரு வயசுல. பெனகல் அந்த வருசக் கடைசியில, டிசம்பர் 23-ந் தேதி, தொண்ணூறு முடிஞ்ச ஒன்பதாவது நாள் இறந்தாரு.

நான் இதைப் பாத்தது என் மச்சான் பையன் லேப்டாப்புல. எனக்கு இந்தி வராது, அவன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். பக்கத்துத் தோட்டத்து அக்காவும் வந்து உக்காந்துச்சு, நாலு எருமை வச்சுப் பொழச்ச மனுசி. பாதிப் படம் எதுவும் பேசல. குடிசை எரியறப்போ, "எருமையை அவுத்து விட்டாங்களா பாரு கண்ணு"ன்னு மட்டும் கேட்டுச்சு.

கடைசிக் காட்சியில போலா திரும்பச் சங்கத்தைத் திறக்கறான். மிஸ்ராகிட்ட போக வேண்டாம், நம்ம சங்கம் இது, நாமளே நடத்தலாம்னு வீடு வீடாப் போய்க் கூப்புடறான். டாக்டர் இல்லை, தேஷ்முக் இல்லை. சின்னப் பசங்க பாத்திரத்தைத் தூக்கிட்டு வர்றாங்க, பின்னாடி ஒண்ணு ரெண்டு பெரியவங்க. அதோட படம் முடிஞ்சுடுது. அக்கா எந்திரிக்கல.

"அடுத்த நாளைக்கு எத்தனை லிட்டர் வந்துச்சாமா?"ன்னு கேட்டுச்சு.

அதைப் படத்துல சொல்லலைங்கக்கான்னேன்.